பழைய ஆஸிலோஸ்கோப்பின் ஸ்விட்சுகளைச் சுத்தம் செய்வது எப்படி: டெக்ட்ரானிக்ஸ் 465-ஐ முன்வைத்து முழுமையான வழிகாட்டி

மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில், திரையின் ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்று தேர்ந்தெடுக்கும் வோல்ட்ஸ்/டிவிஷன் குமிழை ஒரு படி திருப்புகிறீர்கள். திரையில் இருந்த அலை காணாமல் போகிறது. குமிழை ஒரு பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்தால் திரும்ப வருகிறது. கையை எடுத்தால் துள்ளுகிறது, பாதி உயரத்துக்கு இறங்குகிறது. 1970-களின் ஆஸிலோஸ்கோப் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும் கோளாறு இது. பெரும்பாலும் உள்ளே எந்தப் பாகமும் சாகவில்லை. ஸ்விட்சின் காண்டாக்ட், அதாவது மின்சாரம் கடக்கத் தொட்டுக்கொள்ளும் உலோக முனை, அழுக்கேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த எளிய கோளாறில்தான் நல்ல கருவிகள் பல நிரந்தரமாகக் கெட்டுப்போகின்றன. குமிழுக்குப் பின்னால் ஸ்ப்ரே டப்பாவின் குழாயை நுழைத்து ஒரு அழுத்து அழுத்துவது நமக்குப் பழகிவிட்டது. பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலுக்கு அது பலித்திருக்கலாம். அளவுக் கருவியில் அந்தப் பழக்கம் வேண்டாம். எந்த உலோகம், எந்த வகை ஸ்விட்ச் என்று பார்த்து, அழுக்கு இருக்கும் இடத்தை மட்டும் தொட வேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரே கொள்கையிலிருந்து வருவதுதான்.

உதாரணத்துக்கு டெக்ட்ரானிக்ஸ் 465-ஐ எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், பீவர்ட்டனைச் சேர்ந்த டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஸ்கோப். இன்றும் உலகெங்கும் பழைய பொருள் சந்தையில் கிடைக்கிறது. அதன் முக்கியமான ஸ்விட்சுகள் 'கேம்' வகையைச் சேர்ந்தவை, அதாவது குமிழோடு சுழலும் உருளையின் மேடுகள் காண்டாக்டுகளை அழுத்தி மூடும் வகை. இந்த வகையைச் சரியாகக் கையாளத் தெரிந்துவிட்டால் மற்றவை சுலபம்.

காண்டாக்ட் ஏன் இரைகிறது?

வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்சில் 230 வோல்ட் இருக்கிறது. காண்டாக்ட் மேல் மெல்லிய படலம் படிந்தாலும் அந்த வோல்டேஜ் அதைத் துளைத்துவிடும். ஆஸிலோஸ்கோப்பின் உள்ளீட்டில் கதையே வேறு. 5 மில்லிவோல்ட் சிக்னல் ஒன்று, 1 மெகா ஓம் இன்புட் வழியே 5 நானோ ஆம்பியரை மட்டுமே அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத படலத்தைக்கூட இதனால் உடைக்க முடியாது. ஆக, மின்விளக்கு ஸ்விட்சில் நாம் கவனிக்கவே கவனிக்காத அழுக்கு, இங்கே சுவர்போல நிற்கிறது.

அந்தப் படலம் எது என்பது உலோகத்தைப் பொறுத்தது. வேஃபர் வகை (மெல்லிய தகட்டில் காண்டாக்டுகளை வட்டமாக அமைத்த) ரோட்டரி ஸ்விட்சுகளில் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு. வீட்டில் வெள்ளிக் கொலுசு எப்படிக் கறுக்கிறதோ அப்படியே இதுவும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். அந்தக் கறுப்பு, சில்வர் சல்பைடு. 465-ன் கேம் ஸ்விட்ச் காண்டாக்டுகளில் தங்கப் பூச்சு. தங்கம் கறுக்காது. அதன்மேல் படிவது தூசி, எண்ணெய்ப் பசை, புகை, பக்கத்துப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஆவிகளின் படிவு. வெள்ளியில் இருப்பது ரசாயன மாற்றம். தங்கத்தில் இருப்பது மேலே ஒட்டிய அழுக்கு. வைத்தியமும் அதனால் வேறுபடும்.

கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்க்கிற வேலையை இங்கே நினைத்தும் பார்க்காதீர்கள். தங்கப் பூச்சின் கனம் மைக்ரான் கணக்கில்தான். உப்புத்தாள், அரம், பென்சில் ரப்பர், பேனா ரப்பர் எதுவானாலும் அந்தப் பூச்சு போய்விடும். பிறகு அடியிலுள்ள உலோகம் அரிக்கத் தொடங்கும். அதை மீட்க வழியில்லை.

முதலில் பாதுகாப்பு

ஸ்கோப்பின் பிக்சர் டியூபில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் வருகிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் டியூபிலும் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களிலும் மின்னேற்றம் தங்கியிருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு (ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது) நல்ல நேரம் விட்டுத் திறங்கள். உயர் வோல்டேஜ் பகுதியின் மூடியையும் டியூபின் பக்கவாட்டில் போகும் தடித்த வயரையும் தொட வேண்டிய தேவை இந்த வேலையில் எங்குமே வராது. தொடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால், வோல்டேஜ் செலக்டர் நம் ஊர் 230 வோல்ட்டுக்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்று பிளக் செருகும் முன்பே பாருங்கள்.

இன்னொன்று: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதாவது கடையில் 'ஐபிஏ' என்று கேட்டு வாங்குவது, சுலபமாகத் தீப்பிடிக்கும். நம் ஊர் அறை வெப்பத்தில் அதன் ஆவியே பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முழுதும் உலராமல் கருவிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

படி 1: கோளாறு ஸ்விட்சில்தானா?

பல பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அலை துள்ளுவதற்கு ஸ்விட்ச் மட்டும் காரணமில்லை. 465-ல் நிறைய டிரான்சிஸ்டர்கள் சாக்கெட்டில் செருகப்பட்டவை. சாக்கெட்டின் காண்டாக்டும் அழுக்கேறும். பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வற்றியிருந்தால் எல்லா நிலைகளிலும் இரைச்சல் வரும். ஸ்விட்ச் கோளாறுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு: சில நிலைகளில் மட்டும் வரும், குமிழை அசைத்தால் மாறும்.

ஸ்கோப்பின் முகப்பிலேயே கேலிபிரேட்டர், அதாவது சோதனை அலை தரும் முனை, இருக்கிறது. சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, 300 மில்லிவோல்ட். அதை ஒன்றுக்கு ஒன்று (சிக்னலைக் குறைக்காமல் தரும்) புரோபில் சேனல் 1-க்குக் கொடுங்கள். அலையின் உயரத்தை இடைப்பட்ட அளவுகளுக்கு மாற்றும் வேரியபிள் குமிழ் கேலிபிரேட்டட் நிலையில் (குறித்த அளவு சரியாகப் பொருந்தும் நிலையில்) இருக்கட்டும். 50 மில்லிவோல்ட் நிலையில் அலை 6 கட்டம் உயரம் வர வேண்டும். 0.1 வோல்ட்டில் 3 கட்டம். 0.2-ல் ஒன்றரை. அதற்கு மேலுள்ள நிலைகளுக்கு ஒரு டிசி பவர் சப்ளையைக் கொடுத்து, கோடு எத்தனை கட்டம் நகர்கிறது என்று பாருங்கள். கீழுள்ள சிறிய நிலைகளுக்கு இரண்டு ரெசிஸ்டர்களை வைத்து அந்த 300 மில்லிவோல்ட்டைப் பகுத்துக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு நிலையிலும் குமிழை, படி மாறாதபடி, லேசாக இருபுறமும் அசையுங்கள். ஒரு தாளில் எல்லா நிலைகளையும் எழுதி எதிரே 'சரி', 'துள்ளுகிறது', 'அலை இல்லை' என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் உங்கள் வரைபடம். உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் பகுதியான அட்டெனுவேட்டரில் ஒரே காண்டாக்ட் பல நிலைகளுக்குப் பொதுவாக வரும். துள்ளும் நிலைகள் எல்லாம் ஒரு கூட்டமாக வந்தால், சர்வீஸ் மேனுவலின் சர்க்கியூட்டை எடுத்து, அந்த நிலைகளில் மட்டும் மூடுகிற காண்டாக்ட் எது என்று தேடுங்கள். முப்பது காண்டாக்டுகளில் கைவைப்பதற்குப் பதில் இரண்டில் வைத்தால் போதும்.

ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று தேர்ந்தெடுக்கும் டைம்/டிவிஷன் குமிழுக்கும் இதே முறைதான். அங்கே காண்டாக்ட் கெட்டால் கோடு ஓடாமல் நிற்கும், அல்லது நேர அளவு தவறாகக் காட்டும். 1 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 1 மில்லி விநாடி. திரையில் அந்த அளவு வருகிறதா என்று பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். கேலிபிரேட்டரின் அதிர்வெண் மட்டும் துல்லியமானதல்ல, தோராயமானது. பெரிய பிழையை மட்டும் அதை வைத்துப் பிடியுங்கள்.

படி 2: அணைத்த நிலையில் சுழற்றுங்கள்

ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவி என்றால், பிளக்கை உருவிவிட்டு ஒவ்வொரு ஸ்விட்சையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முப்பது முறை திருப்புங்கள். காண்டாக்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசும்போது தாமே கொஞ்சம் துடைத்துக்கொள்ளும். வேஃபர் ஸ்விட்சிலும் அழுத்தும் பொத்தான்களிலும் பாதி நோய் இதிலேயே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். மீண்டும் படி 1-ன் அட்டவணையை நிரப்புங்கள். எல்லாம் 'சரி' என்று வந்தால் கருவியைத் திறக்கவே வேண்டாம்.

குமிழ் இறுகிப்போய்த் திருப்பக் கஷ்டமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். படிப்படியாக நிறுத்தும் பற்சக்கரத்தில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும். அதைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும்.

படி 3: என்னென்ன வேண்டும்?

99 சதவீத ஐபிஏ. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது வேண்டாம். நல்ல வெளிச்சம், பூதக்கண்ணாடி. பல் குத்தும் குச்சிகள். மென்மையான தூரிகை, ரப்பர் பந்து போன்ற ஊதுகுழல். வெள்ளை எழுதும் தாளை 5 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய பட்டைகள், குறைந்தது ஐம்பது.

ஆலன் கீ விஷயத்தில் கவனம். குமிழின் திருகுகள் அங்குல அளவில் வந்தவை, பெரும்பாலும் 1/16 அங்குலம். அது 1.59 மில்லிமீட்டர். கையிலுள்ள 1.5 மில்லிமீட்டர் கீ உள்ளே போய்விடும், ஆனால் பிடிக்காது. அழுத்தித் திருப்பினால் திருகின் உட்புறம் வட்டமாகத் தேய்ந்துவிடும். பிறகு அந்தக் குமிழைக் கழற்ற ஒரு நாள் ஆகும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுவது மலிவு.

படி 4: திறப்பது

முன்மூடியை மாட்டி, கருவியை முகம் கீழாக நிறுத்தி, பின்புறத்துத் திருகுகளைக் கழற்றினால் நீல உறை மேலே உருவிக்கொண்டு வரும். எதையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். வயர்களின் நிறம், கோஆக்சியல் கேபிள்கள் எந்த முனையில் செருகியிருந்தன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

குமிழைக் கழற்ற வேண்டி வந்தால், நடுவிலுள்ள சிறிய வேரியபிள் குமிழை முதலில், கேலிபிரேட்டட் நிலையில் 'டக்' என்று நிற்கவைத்த பிறகு கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

முதலில் தூரிகையும் ஊதுகுழலும். தளர்வான தூசியை வெளியேற்றாமல் ஆல்கஹால் விட்டால் தூசி சேறாகிக் காண்டாக்டின் அடியில் போய் உட்காரும்.

படி 5: கேம் ஸ்விட்ச்

நிதானம் வேண்டிய இடம் இதுதான். குமிழோடு சேர்ந்து சுழலும் ஒரு பிளாஸ்டிக் உருளை. அதன் மேல் அங்கங்கே மேடுகள். மேடு வரும்போது அது மெல்லிய தகடு விரல் ஒன்றை அழுத்தி, சர்க்கியூட் போர்டில் இருக்கும் தங்கப் பூச்சுத் திட்டின் மேல் உட்காரவைக்கும். மேடு விலகினால் விரல் எழும்பிவிடும். ஹார்மோனியக் கட்டையை அழுத்தி விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் மிக மெல்லியவை. அவற்றின் விறைப்பும் உயரமும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்க வேண்டும்.

உருளையைக் கழற்ற வேண்டியதில்லை. இப்படிச் செய்யுங்கள்:

குமிழைத் திருப்பி, உங்களுக்கு வேண்டிய விரல் எழும்பி நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். தாள் பட்டையின் நுனியை ஐபிஏ-யில் நனைத்து, சொட்டாதபடி உதறுங்கள். விரலின் திறந்த நுனிப் பக்கமிருந்து, விரலுக்கும் திட்டுக்கும் நடுவே பட்டையைச் செருகுங்கள். பல் குச்சியால் விரலை மேலிருந்து மிக மெதுவாக, தாளைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். இப்போது பட்டையை, செருகிய அதே பக்கமாக நேராக இழுங்கள். விரலின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் இழுப்பு இருக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் விரல் வளையும்.

பட்டையில் சாம்பல் நிறக் கோடு ஒன்று வரும். அதுதான் இத்தனை நாள் தொல்லை கொடுத்தது. புதிய பட்டை எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். கோடு வராமல் போகும்வரை, பொதுவாக மூன்று நான்கு முறை. கடைசியாக ஒரு காய்ந்த பட்டை. தாளின் நார் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, ஊதிவிடுங்கள். பிறகு அடுத்த விரல்.

பஞ்சு சுற்றிய குச்சியை விரல்களின் அருகே கொண்டுபோகாதீர்கள். ஆரம்ப நாட்களில் ஒருமுறை நான் அப்படிச் செய்து, பஞ்சின் நூல் ஒன்று விரல் நுனியில் மாட்டி, தெரியாமல் இழுத்துவிட்டேன். விரல் மேல்நோக்கி வளைந்தது. பூதக்கண்ணாடியின் கீழ் அதைப் பக்கத்து விரலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பழைய வளைவுக்குக் கொண்டுவர ஒரு மாலை முழுதும் ஆனது. பஞ்சுக் குச்சி திறந்த போர்டைத் துடைக்க மட்டும்.

திட்டுகளை வெறும் விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு, 1 மெகா ஓம் சர்க்கியூட்டில் மின்கசிவுக்கு வழி போடும்.

சுத்தமான தங்கக் காண்டாக்டுக்கு மேல் எதுவும் பூச வேண்டாம். எண்ணெய் கலந்த கிளீனர் ஸ்ப்ரேயை இந்த இடத்தில் நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், அட்டெனுவேட்டரில் திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் வெற்றிடமும் வடிவமைப்பின் ஒரு பகுதி. அங்கே எண்ணெய்ப் படலம் பரவினால் கசிவு வரும், கெப்பாசிட்டன்ஸ் மாறும், தூசி ஒட்டும். குறைந்த அதிர்வெண்ணில் எல்லாம் நன்றாகத் தெரியும்; வேகமான அலையின் மூலை மட்டும் வளைந்து காட்டும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது முதல் கோளாறைவிடப் பல மடங்கு கடினம். தவிர, சில கரைப்பான்கள் பிளாஸ்டிக்கையே விரிசல் விடச் செய்யும். அசிட்டோன், தின்னர் இரண்டும் இந்த மேசைக்கே வரக்கூடாது.

உருளையின் முனைத் தாங்கியிலும் படி நிறுத்தும் இடத்திலும் பழைய கிரீஸ் கெட்டியாகியிருந்தால், பல் குச்சியால் சுரண்டியெடுத்து, குச்சி நுனியளவு புதிய லேசான கிரீஸ் வையுங்கள். காண்டாக்ட் பக்கம் ஒரு துளிகூடப் போகக்கூடாது.

படி 6: மற்ற வகை ஸ்விட்சுகள்

வேஃபர் ரோட்டரி ஸ்விட்ச், பழைய மல்டிமீட்டர்களிலும் சிக்னல் ஜெனரேட்டர்களிலும் வருவது. வெள்ளிக் காண்டாக்ட் என்பதால் ஆல்கஹால் மட்டும் போதாது, சல்பைடைக் கரைக்காது. இங்கே டிஆக்ஸிட் டி5 போன்ற, ஆக்சைடு நீக்கும் காண்டாக்ட் கிளீனருக்கு இடம் உண்டு. ஆனால் ஸ்ப்ரேயாக அல்ல. ஒரு சிறு மூடியில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்து, பல் குச்சியால் ஒவ்வொரு காண்டாக்டிலும் ஒரு சொட்டு வைத்து, இருபது முறை திருப்பி, மிச்சத்தைத் துடையுங்கள். பழுப்பு நிற ஃபினாலிக் வேஃபர் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அது நல்ல இன்சுலேட்டராக இருக்காது. கறுப்பு மொத்தமும் போய்ப் பளபளக்க வேண்டிய அவசியமில்லை. உரசும் பாதை மட்டும் வெள்ளையானால் போதும்.

அழுத்தும் பொத்தான் வரிசையும் தள்ளும் ஸ்விட்சும் மூடிய உடம்பு கொண்டவை. இடைவெளியில் ஊசியில்லாத சிரிஞ்சால் இரண்டு சொட்டு கிளீனர் விட்டு ஐம்பது முறை இயக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் பாய்ந்து ஓடும், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறங்கள்.

பொசிஷன் கன்ட்ரோல் போன்ற பாட்கள் (திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்கள்) கரகரத்தால் ஒரு சொட்டு, முப்பது சுழற்சி. சீல் செய்த ரீட் ரிலேயை (மின்காந்தத்தால் இயங்கும் மூடிய ஸ்விட்சை) சுத்தம் செய்ய முடியாது, மாற்ற வேண்டும்.

சாதாரண டபிள்யூடி-40 காண்டாக்ட் கிளீனர் அல்ல. அதே பெயரில் காண்டாக்ட் கிளீனர் என்று தனியாக வருவது வேறு பொருள். டப்பாவின் எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

படி 7: உலர்த்திச் சோதிப்பது

சில மணி நேரம் விசிறியின் கீழ் திறந்து வையுங்கள். முடிந்தால் இரவு முழுதும்.

பிறகு, ஸ்கோப்பை இயக்கி, கப்ளிங் ஸ்விட்சை டிசி-யில் வைத்து, சேனலின் இன்புட்டில் டிஜிட்டல் மல்டிமீட்டரை ஓம் அளவில் மாட்டுங்கள். ஒவ்வொரு வோல்ட்ஸ்/டிவிஷன் நிலையிலும் 1 மெகா ஓம் காட்ட வேண்டும். இரண்டு சதவீதம் கூடலாம், குறையலாம். ஒரு நிலையில் மட்டும் எண் குதித்தாலோ ரொம்பவும் விலகினாலோ அங்கே ஒரு காண்டாக்ட் இன்னும் மூடவில்லை, அல்லது கசிகிறது. இரண்டே நிமிடத்தில் அட்டெனுவேட்டர் முழுவதையும் சோதித்துவிடும் வழி இது. எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிடச் சிக்கனமான சோதனை இல்லை.

அடுத்து படி 1-ன் அட்டவணை, மூன்றாம் முறையாக.

கடைசியாகச் சதுர அலையின் மூலைகளைப் பாருங்கள். எல்லா நிலைகளிலும் தட்டையாக வந்தால் வேலை முடிந்தது. ஏதோ ஒரு நிலையில் மூலை கூர்மையாக எழும்பினாலோ உருண்டு இருந்தாலோ, உடனே டிரிம்மரை, அதாவது அலையின் மூலையைச் சரிசெய்யத் திருப்பும் சிறு பாகத்தை, திருப்பாதீர்கள். அந்த நிலைக்குரிய காண்டாக்டுகளை ஒருமுறை மறுபடி துடைத்துப் பாருங்கள். அழுக்குக் காண்டாக்டுக்கு ஏற்ப டிரிம்மரைத் திருப்பிவிட்டால், பிறகு காண்டாக்ட் சரியானதும் அளவு தவறாகிவிடும். முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே அப்படித் திருப்பியிருக்கவும் கூடும். இரண்டு முறை துடைத்தும் மாறாவிட்டால் மேனுவலின் கேலிபிரேஷன் முறைப்படி சரிசெய்யுங்கள்.

உறையை மூடும் முன், எந்தக் காண்டாக்டுகளைத் துடைத்தீர்கள் என்பதைத் தேதியுடன் ஒரு துண்டுத் தாளில் எழுதி உறையின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கருவியைப் பயன்படுத்தாத நாட்களில் துணி உறை போட்டு மூடி வைப்பதோடு, மாதம் ஒருமுறை எல்லாக் குமிழ்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.